ஏழாம் பாடத்தில் எழுதாதது

ஆனி பிறந்ததுமே கோம்பையில் சாரல் இறங்கிவிட்டது. மழை என்று சொல்ல முடியாது. மேற்கு மலையிலிருந்து காற்று அள்ளிவந்து முகத்தில் தெளிக்கிற தண்ணீர்... குடைக்கு மேலே விழாது, குடைக்குள்ளே வந்து விழும்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஞானபாக்கியத்தின் குடை, ஓடைக்கரை ஏறும்போது பின்பக்கமாக மடங்கிக் கம்பிகளை நீட்டிக்கொண்டது. திண்டுக்கல்லில் வாங்கிய குடை. இந்த ஊர்க் காற்று அதற்குப் பழக்கமில்லை. அவளுக்கும்தான். வேலைக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பிள்ளைகள் எழுதிய கணக்குத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"அதை வேலியில சொருகிட்டுப் போங்க வாத்தியாரம்மா. காக்கா குருவியாச்சும் பயப்படும்."

கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்த ஒரு பெண். நல்ல உயரம். சாக்கின் ஒரு ஓரத்தைத் தூக்கி, "வாங்க" என்பதுபோலத் தலையை அசைத்தாள். ஞானபாக்கியம் குனிந்து உள்ளே நுழைந்தாள். ஈரச்சாக்கு வாசனை... சோளத்தட்டை வாசனை... தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

"காயிதம் நனையக் கூடாது. ஆளு நனையலாமாக்கும்?"

"தாள் நனைஞ்சா பிள்ளைங்க வாங்கின மார்க்கு அழிஞ்சிருமே."

"அழியட்டும். எம் மகளுக்கு அதுதேன் நல்லது. கணக்குல முட்டை வாங்குற கழுதை அது."

ஞானபாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். நனைந்த இமைகளுக்குக் கீழே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த கண்கள், ஒரு சாண் தூரத்தில். என்ன கண்கள் இவை... ஒருத்தரைப் பார்த்தால் முழுசாகத்தான் பார்க்குமோ? பள்ளிக்கூடத் தெரு முக்கு வந்ததும் அந்தப் பெண் சாக்கை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள். பேர் கேட்கவில்லையே என்று ஞானபாக்கியம் முதல் மணி அடித்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பேர் மத்தியானம் தெரிந்தது.

அன்று காலைதான் மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் பாடம் நடத்தியிருந்தாள். 'புலியை வென்ற கைம்பெண்' என்பது தலைப்பு. எழுதியவளும் அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு மலையடிவாரச் சோளக்காட்டில் சிறுத்தையை வெட்டிக் கொன்ற மொக்கம்மாளைத் தெரியாதவர் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஊரும் பத்திரிகையும் அதைப் புலி என்றே சொல்லின. கலெக்டர் வெள்ளிப்பதக்கம் குத்திவிட்டார். வீரபாண்டித் திருவிழாவில் அவள் படம் விற்றது. சுருளிக்குப் போகிற கும்பல்கூட அவள் பேரில் கும்மி கட்டிப் பாடியது. ஒரு பெண், தனியாகப் பிள்ளை வளர்க்கிறாள் என்று பத்திரிகையில் பார்த்த ஞானபாக்கியம், திண்டுக்கல்லில் உட்கார்ந்தபடியே அவளைக் கைம்பெண்ணாக எழுதிவிட்டாள். பாடம் அச்சாகி, அதனால்தான் கோம்பைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. வந்ததிலிருந்து மொக்கம்மாளைப் பார்க்கப் போகவேண்டும், போகவேண்டும் என்று கூச்சத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்தபோது வகுப்பு வாசலில் காலையில் பார்த்த அதே பெண் நின்றாள். இப்போது தலையில் சாக்கு இல்லை. இடது காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரை நகக்கீறலாக நாலு தழும்பு. ஒரு கையில் ஏழாம் பாடம் உள்ள புத்தகம். மறு கையில் அழுது முகம் வீங்கிய ஒன்பது வயது மலையம்மாள்.

"ஏழாம் பாடத்தை எழுதுனது யாரு?"

வகுப்பு மொத்தமும் டீச்சரைப் பார்த்தது.

"நான்தான்," என்றாள் ஞானபாக்கியம்.

அந்தக் கண்கள் ஒரு நொடி இளகின. பிறகு கல்லாகிவிட்டன.

"எம் புருசனை எந்தப் புலி தின்னுச்சு வாத்தியாரம்மா?"

"நீங்க... மொக்கம்மாளா?"

"ஆமா. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் மக படிச்சுக் காட்டுனா. புருசன் புலியோட சண்டை போட்டுச் செத்தானாம், அந்த ரத்தத்தைப் பாத்துப் பொங்குனேனாம். அந்த ஆளு சின்னமனூர்ல பொடிக்கடை வச்சிருக்கான். நேத்துக்கூடப் பொடி போட்டுத் தும்மிக்கிட்டு இருந்தான்னு கேள்வி."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிக்கிறீகளா ஆத்தா? மத்தியானம் எம் மகளைச் சுத்தி நின்னு என்ன கேட்டீக? உங்கப்பனைத்தேன் புலி தின்னுருச்சே, அப்ப சின்னமனூர்க்காரன் யாரு, நீ யாரு பிள்ளைன்னு கேட்டீகல்ல? அதையும் டீச்சர் காதுபடச் சொல்லுங்க."

ஞானபாக்கியம் படித்தவள் அல்லவா... ரோஷம் முந்திக்கொண்டது. "நான் உங்களை உயர்த்தித்தான் எழுதியிருக்கேன். உத்தமின்னு எழுதியிருக்கேன்."

"உத்தமிப் பட்டம் வேணும்னு உங்ககிட்ட வந்து கேட்டேனா? பொம்பளை தனியா இருந்தா, ஒண்ணு தாலி அறுத்திருக்கணும், இல்லையின்னா தட்டுக்கெட்டு நடத்தை தவறியிருக்கணும். மூணாவதா ஒண்ணு உங்களுக்குத் தெரியவே தெரியாதாக்கும். நாந்தேன் அவனை அத்து விட்டேன். ஊர்க்கூட்டத்துல துரும்பைக் கிள்ளி அவன் கையில போட்டேன். எங்க வழக்கத்துல அம்புட்டுத்தேன், அன்னையோட முடிஞ்சது. காலையில ஒரே சாக்குக்குள்ள நடந்து வந்தோமே, அப்பக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே."

புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். எறியவில்லை. வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள். எறிந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஞானபாக்கியத்துக்கு.

மூன்று நாள் அவளுக்குக் கோபம். முதல் நாள் மொக்கம்மாள் மேல். வகுப்புக்குள் வந்து பேசலாமா? இரண்டாம் நாள் அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைகள் மேல். மூன்றாம் நாள், அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளைகளின் வாயில் போட்டவள் தான்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவில் ஜெபம் முடிந்ததும் மொக்கம்மாளின் தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

வேலிப்படலைத் தொடுவதற்குள் இரண்டு செவலை நாய்கள் பாய்ந்து வந்தன. கோம்பை நாய். அது குரைத்தால் தப்பிக்கலாம். குரைக்காமல் வந்தால்தான் ஆபத்து என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். இவை குரைக்கவில்லை.

"அசையாம நில்லுங்க," என்று மொக்கம்மாளின் குரல் வந்தது. "என்ன விசயமா வந்தீகன்னு அங்கன நின்னே சொல்லுங்க. பிடிச்சிருந்தா நாயைக் கூப்பிடுறேன்."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"பிறவு?"

"நடந்ததை உங்க வாயாலேயே கேட்டு, சரியா எழுத வந்தேன்."

உள்ளிருந்து ஒரு சீழ்க்கை. நாய்கள் வாலைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டன. கிணற்றடியில் மொக்கம்மாள் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞானபாக்கியத்துக்கு ஒரு மணையைத் தள்ளிவிட்டாள்.

"அன்னைக்குச் சோளக்காட்டுல தட்டை அறுத்துக்கிட்டு இருந்தேன். இவளுக்கு நாலு வயசு, வரப்புல உக்காந்து மண்ணு விளையாடிக்கிட்டு இருந்தா. அந்த ஆளு காவப்பரண் மேல. நாயி முனகுச்சு. நிமிந்தா, புள்ளைக்கும் எனக்கும் நடுவுல படுத்திருக்கு... மஞ்சளா. சுத்திக்கிட்டு ஓடிப் புள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பரணைப் பாத்து ஓடுனேன். ஏணியில கால் வைக்கப் போறேன், ஏணி இல்ல."

"இல்லையா?"

"மேல இழுத்துக்கிட்டான்."

கத்தி கீரையின் மேல் அப்படியே நின்றது.

"எங்க பின்னாடி அதுவும் ஏறிருமாம். அதுக்காக இழுத்தானாம். நான் அண்ணாந்து பாத்தேன், அவன் என்னைப் பாத்தான், ஏணி அவன் மடியில கெடக்கு. பிறவு திரும்பி வெட்டுனேன். வீரமெல்லாம் இல்ல வாத்தியாரம்மா. மேல போக வழியில்ல, அதனால வெட்டுனேன். அந்த ஆளைத்தேன் நீங்க புலியோட சண்டை போட்டுச் சாகவச்சு, மாலை போட்டிருக்கீக."

ஞானபாக்கியத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகம்கூடத் தெரியாத ஒரு பொடிக்கடைக்காரன் மேல் இத்தனை ஆத்திரம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. எழுந்து கிணற்றைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள்.

"எனக்கு வரவேண்டிய கோவம் உங்களுக்கு வருது," என்றாள் மொக்கம்மாள். முதல் நாள் சாக்குக்குள் பார்த்த அந்தச் சிரிப்பு, மறுபடியும் அந்தக் கண்களில்...

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டம். பாடத்தைத் திருத்தி எழுதத்தான் போகிறேன் என்று ஞானபாக்கியம் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒன்றரைப் பக்கப் பாடத்துக்கு ஐந்து ஞாயிறு ஆனது. மலையம்மாளுக்குக் கணக்கு, மொக்கம்மாளுக்குக் கையெழுத்து. விரலைப் பிடித்து 'மொ' போடப் பழக்கினாள். மொக்கம்மாள் கொம்பைப் போட்டுவிட்டுத் துணைக்காலை மறந்துவிடுவாள்.

"உங்க பேருல மொக்கு இருக்கு. பூ மொக்கு," என்றாள் ஞானபாக்கியம் ஒருநாள்.

"பூக்காத மொக்காக்கும்."

"யார் சொன்னது?"

பிடித்திருந்த விரலை மொக்கம்மாள் இழுத்துக்கொள்ளவில்லை. அன்று வீடு திரும்புகிற வழி முழுக்க ஞானபாக்கியத்தின் கையில் அந்தச் சூடு இருந்தது. இது என்ன... ஒரு பெண்ணைப் பற்றி இப்படி நினைக்கலாமா? நினைத்துவிட்டாளே. இனி என்ன கேள்வி.

ஆடிக் கடைசியில் பள்ளிக்கூட மேனேஜர் சீனிச்சாமி அவளைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார்கள், விழா, மொக்கம்மாளுக்கு மேடையில் மரியாதை, மலையம்மாள் ஏழாம் பாடத்தை ஒப்பிக்க வேண்டும்.

"அந்தப் பாடம் பொய் சார். திருத்தி எழுதியிருக்கேன்," என்று தாள்களை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "பொய்யின்னு ஊருக்கே தெரியும். அதுனால என்ன? தாலி அறுத்தவள்னா சபை கண்ணீர் விடும். புருசனை அத்துவிட்டவள்னாச் சபை சிரிக்கும். இதை அவகிட்டக் கொண்டுபோய்க் கொடுங்க." மேசைமேல் ஒரு பொட்டலம். உள்ளே வெள்ளைச் சேலை. "மேடைக்கு இதைக் கட்டிக்கிட்டு வரணும். உங்களோட நல்ல பழக்கம்னு கேள்விப்பட்டேன். நீங்க சொன்னாக் கேப்பா. வேலை நிரந்தரம் ஆகிற நேரம், யோசிச்சு நடந்துக்கங்க."

திண்டுக்கல்லில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவள் அனுப்புவதில்தான் சாப்பிடுகிறார்கள். அந்தக் காகிதப் பொட்டலத்தை ஞானபாக்கியம் கையில் எடுத்தாள். பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எடுத்தாள். எடுத்துக்கொண்டு தோட்டம் வரை நடக்கவும் செய்தாள்.

மொக்கம்மாள் பிரித்துப் பார்த்தாள். சேலையைப் பார்க்கவில்லை, ஞானபாக்கியத்தின் முகத்தையே பார்த்தாள்.

"மேனேஜர் கொடுத்தனுப்பினார்... ஒரே ஒரு நாள்தானே, மேடையில மட்டும்..."

"நீங்களும் ஏணியை மேல இழுத்துக்கிட்டீக."

அவ்வளவுதான் சொன்னாள். சேலையை மடித்துப் பொட்டலமாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தாள். படலைச் சாத்தினாள். நாய்கள்கூட அவளைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டன.

அடுத்த ஞாயிறு ஞானபாக்கியம் போனாள். படல் திறக்கவில்லை. மலையம்மாள் வகுப்பில் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

விழா அன்று பந்தல் நிறையக் கூட்டம். மேடையில் இன்ஸ்பெக்டர் அம்மா, மேனேஜர், ஊர்ப் பெரியவர்கள். மொக்கம்மாள் வந்தாள். அரக்குச் சிவப்பில் கண்டாங்கிச் சேலை கட்டி, காதில் தண்டட்டி ஆட வந்து, மேடைக்கு ஏறாமல் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மகள். சீனிச்சாமியின் முகம் சுண்டிப்போனது. மலையம்மாளைக் கூப்பிட்டார்கள். பிள்ளை அசையவில்லை.

"டீச்சரே படிக்கட்டும்," என்றார் சீனிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞானபாக்கியம் புத்தகத்தோடு எழுந்தாள். தலைப்பைப் படித்தாள். முதல் வரியைப் படித்தாள். 'புலியோடு போராடிக் கணவன் மாண்டான்.' நிறுத்தினாள்.

"இது பொய்," என்றாள். "எழுதினவ நான்தான். விசாரிக்காம, கேக்காம எழுதினேன். அவர் சாகலை. சின்னமனூர்ல பொடிக்கடை வச்சிருக்கார்."

பந்தல் சிரித்தது. சீனிச்சாமி சொன்னது சரிதான், சபை சிரிக்கிறது. அவள் காத்திருந்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? புலி முன்னால நின்னப்போ அவர் பரண் மேல இருந்தார். பெண்டாட்டியும் பிள்ளையும் ஓடிவர்றதைப் பார்த்து ஏணியை மேல இழுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அவரோட வாழ முடியாதுன்னு இவங்க துரும்பைக் கிள்ளிப் போட்டாங்க. இது உங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் நான் எழுதின பொய்யைப் பிள்ளைங்க வாயால ஒப்பிக்கவச்சு அவரைத் தியாகி ஆக்கப் பார்க்குறீங்க. ஒளிஞ்சவனுக்கு மாலை, நின்னவளுக்கு வெள்ளைச் சேலை. அந்தச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். எனக்கு வெட்கமா இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் நாற்று நடப்போகிற வயதான பிச்சையம்மாள் எழுந்தாள். "அந்தம்மா சொல்றது நெசந்தேன். துரும்பு கிள்ளுன அன்னைக்கு நானும் கூட்டத்துல இருந்தேன்," என்றாள். "நானும்," என்று இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. இன்ஸ்பெக்டர் அம்மா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு, விருந்துக்கு நிற்காமல் காரில் ஏறிப்போனார்கள்.

ஞானபாக்கியம் பந்தலின் கடைசிக் காலைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பாதிப் பேச்சிலேயே மொக்கம்மாள் போய்விட்டிருந்தாள்.

"நாளையிலருந்து வர வேண்டாம்," என்றார் சீனிச்சாமி. வேலை போனது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. உறைத்ததெல்லாம் அந்த வெறும் பந்தல்கால்தான்... மன்னிக்கவில்லை. அவ்வளவு சொல்லியும் மன்னிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் உத்தமபாளையம் போகிற பஸ்ஸில் டிரங்குப்பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதப்போன நேரம், பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள் மொக்கம்மாள். சாரல் அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. புலிக்கு முன்னால் நின்றவள் மேல் பஸ்ஸை விட டிரைவருக்குத் தைரியமில்லை.

"இறங்குங்க," என்றாள் ஜன்னலுக்கு வந்து. "சொல்லாமக் கொள்ளாமப் போறதுதேன் படிச்சவுக வழக்கமா?"

"நீங்கதான் நேத்துப் பாதியில கிளம்பிப் போனீங்க."

"அழுக வந்துருச்சு. போனேன். புலியைக் கொன்னவ பந்தல்ல நின்னு அழுதான்னு அதையும் யாராச்சும் பாடமா எழுதிப்புட்டா?"

ஞானபாக்கியம் இறங்கினாள். கால் தானாகவே இறங்கியது.

"காலையில நாலு பொம்பளைக தோட்டத்துக்கு வந்தாக. வாத்தியாரம்மாவை அனுப்பிறாத, ஒரு கொட்டகையைப் போடு, எங்க பிள்ளைக அங்கன வந்து படிக்கட்டும்னாக. வந்து சொல்லிக்கொடுங்க."

"அதுக்காகத்தான் ஓடி வந்தீங்களா? பள்ளிக்கூடம் நடத்தவா?"

மொக்கம்மாள் கண்ணை முதல்முறையாக வேறு பக்கம் திருப்பினாள்.

சொல்லாவிட்டால் இனி எப்போது... ஞானபாக்கியம் சொன்னாள். "நேத்து நான் உண்மைக்காகப் பேசினதா ஊரெல்லாம் சொல்லுது. உண்மைக்காக இல்ல மொக்கம்மா. நீங்க என்கூடப் பேசாத அந்தப் பதினோரு நாளை என்னால தாங்க முடியலை. அதுக்காகப் பேசினேன்."

"பன்னெண்டு," என்றாள் மொக்கம்மாள்.

"என்ன?"

"இன்னைக்கும் சேத்துப் பன்னெண்டு. நானும்ல எண்ணிக்கிட்டு இருந்தேன்."

கண்டக்டர் கதவைத் தட்டினான். "ஏறுறீகளா இல்லையா அம்மா?"

"ஏறலை. பெட்டியை இறக்கு," என்று மொக்கம்மாள் அவனைப் பார்க்காமலே சொன்னாள். பெட்டி இறங்கியது. பஸ் போனது. சாலையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"கட்டுனவன்கூட அஞ்சு வருசம் இருந்தேன். ஒருநாளும் அவன் வர்ற பாதையைப் பாத்து நின்னதில்ல," என்றாள் மொக்கம்மாள், சாலையைப் பார்த்துக்கொண்டே. "இப்ப ஞாயித்துக்கிழமை விடிஞ்சாப் படலுக்கிட்ட நிக்கிறேன். நீங்க வந்த அன்னைக்குப் படலைத் திறக்காம, அதுக்குப் பின்னாடியேதேன் நின்னேன். யாரு இவ, நம்மளை இப்பிடி நிக்கவைக்கன்னு எம் மேலயே கோவம் கோவமா வருது. இது என்னன்னு எனக்குப் பேரு தெரியாது ஞானம். உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

ஞானபாக்கியம் கிட்டே போய், அவள் காதோரம் அந்தப் பேரைச் சொன்னாள்.

மொக்கம்மாள் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "அப்ப அதுதேன்."